உடன் வந்தவரும் வீட்டில் விட்டு வந்தவரும்: இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் பயண வாழ்வு

அல்ஹம்துலில்லாஹ். புகழ் அனைத்தும் அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக இந்த வார உரையைத் தொடங்குகிறேன்.

இப்போதெல்லாம் உம்ரா என்றால் மக்கா, மதீனாவோடு முடிவதில்லை. முப்பது, நாற்பது பேர் சேர்ந்த ஒரு குழு. ஒரு வழிகாட்டி. ஒரு பஸ். வழியில் பைத்துல் முகத்தஸ், இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அடங்கியுள்ள அல்-கலீல் நகரம், ஜோர்டானில் குகைவாசிகளின் குகை என்று சொல்லப்படும் இடம், எகிப்தில் தூர் ஸீனா மலை என்று பட்டியல் நீள்கிறது. அல்லாஹ் வசதியைக் கொடுத்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். பூமியில் சுற்றிப் பார்த்து, நமக்கு முன் வாழ்ந்தவர்களின் முடிவு என்ன ஆனது என்று சிந்திக்கும்படி குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. எனவே பயணம் போவது தவறா என்பது இன்றைய பேச்சு அல்ல.

இன்றைய பேச்சு வேறு. போய்த் திரும்பிய பிறகு நாம் எதைச் சொல்கிறோம்? எத்தனை இடம் பார்த்தோம் என்று சொல்கிறோம். எத்தனை போட்டோ எடுத்தோம் என்று காட்டுகிறோம். உடன் வந்தவரிடம் எப்படி நடந்துகொண்டோம், வீட்டில் விட்டு வந்தவரை எப்படி வைத்திருந்தோம் என்று யாரும் கேட்பதில்லை. நாளை மறுமையில் அந்தக் கேள்விதான் முதலில் வரும் என்று அஞ்ச வேண்டியவர்கள் நாம். இதை விளங்கிக்கொள்ள, உலகமே பயணி என்று ஒப்புக்கொண்ட ஒரு மனிதரின் வாழ்க்கையை இன்று பார்ப்போம். அவர் இப்னு பதூதா ரஹிமஹுல்லாஹ் அவர்கள்.

தனியாகக் கிளம்பிய வாலிபர்

மொராக்கோவின் வட கோடியில், கடலோரத்தில் தன்ஜா என்று ஒரு ஊர். 1304ஆம் ஆண்டு அங்கே காழிகளின் குடும்பம் ஒன்றில் அவர்கள் பிறந்தார்கள். ஃபிக்ஹு படித்தார்கள். 1325 ஜூன் மாதம், ஹிஜ்ரி 725 ரஜப் பிறை 2இல், ஹஜ்ஜை நிய்யத் வைத்துத் தன்ஜாவை விட்டுப் புறப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 21.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். வாப்பா, உம்மா இருவரும் அப்போது ஹயாத்தோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிவது இரு தரப்புக்கும் பெரும் வேதனையாக இருந்தது என்று அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். உடன் வர ஒரு தோழர் இல்லை. சேர்ந்துகொள்ள ஒரு காஃபிலா இல்லை. தனி ஆளாகக் கிளம்பினார்கள். கஅபாவின் மீதும் மதீனாவின் மீதும் இருந்த ஆசை அப்படி. ஹஜ்ஜை முடித்து ஓரிரு ஆண்டில் வந்துவிடுவார் என்றுதான் அந்த வீடு நினைத்திருக்கும். திரும்பி வர 24 ஆண்டுகள் ஆயின. அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருவோம்.

துனிஸில் கிடைத்த ஒரு ஸலாம்

வழியில் சில வியாபாரிகளோடு சேர்ந்து போனார்கள். அல்ஜீரியக் கரையிலுள்ள பிஜாயா நகரில் கடும் காய்ச்சல் பிடித்தது. குணமாகும்வரை தங்கிவிடுங்கள் என்று உடன் வந்த ஒருவர் எடுத்துச் சொன்னார். மவுத் எழுதியிருந்தால் அது ஹிஜாஸை நோக்கிய வழியிலேயே வரட்டும் என்று இவர்கள் பிடிவாதமாக மறுத்துவிட்டார்கள். சொன்னதைக் கேட்கவில்லையே என்று அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போகவில்லை. அப்படியானால் உங்கள் வாகனத்தையும் கனமான சாமான்களையும் விற்றுவிடுங்கள், ஒரு வாகனத்தையும் கூடாரத்தையும் நான் இரவல் தருகிறேன், பாரமில்லாமல் வேகமாகப் போகலாம் என்று வழி செய்து கொடுத்தார். பயணத்தில் அல்லாஹ் தமக்குக் காட்டிய முதல் கருணை இது என்று இப்னு பதூதா அவர்கள் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

மேலும் சில நாள் கழித்து மறுபடியும் காய்ச்சல். உடம்பில் தெம்பு இல்லை. வழிப்பறிப் பயத்தால் காஃபிலா எங்கும் நிற்காது. விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு போனார்கள்.

அப்படியே துனிஸ் நகரம் வந்து சேர்ந்தார்கள். ஊர் மக்கள் வெளியே வந்து காஃபிலாவை வரவேற்றார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவரிடம் போய் ஸலாம் சொல்லி, நலம் விசாரித்தார்கள். இவர்களை அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் ஸலாம் சொல்லவில்லை. அந்தத் தனிமை தாங்காமல் அழுதுவிட்டார்கள். கூட்டத்தில் ஒரு ஹாஜி இதைப் பார்த்தார். அருகில் வந்து ஸலாம் சொன்னார். ஊருக்குள் போய்த் தங்குமிடம் சேரும்வரை இதமாகப் பேசிக்கொண்டே வந்தார்.

சகோதரர்களே! அந்த ஹாஜியின் பெயரைக்கூட இப்னு பதூதா அவர்கள் எழுதவில்லை. ஆனால் அந்த ஸலாமை மறக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, சுல்தான்களையும் பேரரசர்களையும் பார்த்து முடித்த பிறகு, தம் பயணத்தைச் சொல்ல உட்கார்ந்தபோது அந்த ஸலாம் நினைவில் நின்றது. உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். துணைக்கு ஆள் இல்லாமல் வந்த ஒரு முதியவர் இருப்பார். சாப்பாட்டு மேசையில் யாரோடு உட்காருவது என்று தெரியாமல் தட்டோடு நிற்பார். அவரை நீங்கள் பார்த்தீர்களா?

துனிஸில் ஹஜ் காஃபிலா ஒன்று திரண்டபோது, இந்த வாலிபரையே அதற்குக் காழியாக நியமித்தார்கள். சில வாரங்களுக்கு முன் யாரும் அறியாமல் நின்று அழுதவர், இப்போது கூட்டத்தின் வழக்குகளைத் தீர்க்கும் இடத்தில் இருந்தார்கள். மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஏன் கற்றுத் தந்தார்கள் என்பது கூட்டமாகப் போனவர்களுக்குப் புரியும்.

ஆயிரம் தீனாருக்கு ஒரு மிடறு தண்ணீர்

எகிப்து வழியாகச் செங்கடல் கரைவரை போனார்கள். அங்கே நடந்த சண்டையால் கப்பல் கிடைக்கவில்லை. திரும்பி வந்து, அல்-கலீல், பைத்துல் முகத்தஸ் ஆகிய தலங்களை ஸியாரத் செய்து, 1326 ரமலானில் திமிஷ்க் நகரை, அதாவது டமாஸ்கஸை அடைந்தார்கள். அந்த ஷவ்வாலில் சிரியாவின் பெரிய ஹஜ் காஃபிலாவோடு பாலைவனத்தில் இறங்கினார்கள்.

தபூக்கில் காஃபிலா நான்கு நாள் தங்கும். எருமைத் தோலால் செய்த பெரிய தொட்டிகளை ஊற்றருகே கட்டி, தண்ணீர் நிரப்பி, ஒட்டகங்களுக்குக் காட்டி, தோல்பைகளில் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு இரவு பகல் பாராமல் வேகமாக நடக்க வேண்டும். வழியில் உகைழிர் என்று ஒரு பள்ளத்தாக்கு. முன்பு ஒரு வருடம் அங்கே ஹாஜிகள் மீது ஸமூம் என்ற அனல் காற்று வீசியது. தோல்பைகளில் இருந்த தண்ணீர் வற்றிப்போனது. ஒரு மிடறு தண்ணீரின் விலை ஆயிரம் தீனாரை எட்டியது. கடைசியில் விற்றவரும் மவுத்தானார், வாங்கியவரும் மவுத்தானார். இந்தச் செய்தி அந்தப் பள்ளத்தாக்கின் பாறை ஒன்றில் பொறிக்கப்பட்டிருந்ததாக இப்னு பதூதா அவர்கள் எழுதுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். இருவரும் ஹஜ்ஜுக்குப் போனவர்கள். இருவரும் தல்பியா சொன்னவர்கள். ஒருவரிடம் தண்ணீர் இருந்தது, மற்றவரிடம் தங்கம் இருந்தது. பகிர்ந்து குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார்களா, தெரியாது. ஆனால் ஒரு முஃமினின் தாகத்துக்கு விலை வைத்தவர் என்ற நிலையில் ஒருவர் அல்லாஹ்விடம் போயிருக்க வேண்டியதில்லை அல்லவா? கூட்டுப் பயணத்தில் நம்முடைய கஷ்டமும் சிறியதுதான், நம்முடைய சோதனையும் சிறியதுதான். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. ஹோட்டலில் லிஃப்ட்டுக்கு அருகில் உள்ள அறை. முதலில் வரும் ஜம்ஜம் கேன். இந்தச் சிறிய விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாத மனம், உகைழிர் பள்ளத்தாக்கில் என்ன செய்திருக்கும்?

தண்ணீர் இருந்தும் குடிக்காத கூட்டம்

அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டினால் அல்-ஹிஜ்ர். மதாயின் ஸாலிஹ் என்று நாம் அறிந்த இடம். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடமும் அதுவே. அங்கே கிணற்றில் தண்ணீர் நிறைய உண்டு. காஃபிலாவோ தாகத்தில் துவண்டு வருகிறது. ஆனால் ஒருவரும் அந்தத் தண்ணீரை இறைப்பதில்லை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தபூக் போருக்குச் செல்லும் வழியில் ஸமூது கூட்டத்தாரின் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்தார்கள். அங்குள்ள தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். அதில் பிசைந்த மாவையும் ஒட்டகங்களுக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். அந்தக் கட்டளையை ஏழு நூற்றாண்டுகள் கழித்தும் ஒரு பெரும் கூட்டம் அப்படியே பேணிக்கொண்டிருந்ததை இப்னு பதூதா அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

செம்பாறையில் குடைந்த வீடுகளையும், நேற்றுதான் செய்தது போல் இருந்த வாசல் வேலைப்பாடுகளையும் அவர்கள் பார்த்தார்கள். பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை மார்க்கம். படிப்பினை பெறும் மனதோடு, அழுகையோடு கடந்து போகச் சொன்னது. புராதன இடங்களைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவருக்கும் அல்-ஹிஜ்ர் ஓர் அளவுகோல். பாறையைக் குடைந்து வீடு கட்டிய பலசாலிகளுக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம் என்ற நடுக்கம் வர வேண்டும். அது வராமல் வெறும் வியப்பு மட்டும் வந்தால், போன காரியம் பாதிதான் முடிந்தது.

அங்கிருந்து அரை நாள் தூரத்தில் அல்-உலா என்ற பேரீச்சந்தோட்ட ஊர். ஹாஜிகள் அங்கே நான்கு நாள் தங்கித் துணி துவைத்துக்கொள்வார்கள். கூடுதல் சாமான்களை அந்த ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, தேவையானதை மட்டும் எடுத்துச் செல்வார்கள். அந்த மக்கள் அவ்வளவு அமானிதம் பேணுபவர்கள். ஹாஜிகளின் பாதை நெடுகிலும் இப்படிப் பெயர் தெரியாத நல்லவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பாவாத மலை

அந்த ஆண்டு ஹஜ் நிறைவேறியது. ஆனால் பயணம் நிற்கவில்லை. இராக், பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கியர் நாடு, மத்திய ஆசியா என்று சுற்றி, டெல்லியில் முஹம்மத் பின் துக்ளக்கிடம் காழியாகப் பல ஆண்டுகள் இருந்தார்கள். பின்பு மாலத்தீவிலும் காழியாக இருந்தார்கள். 1344இல் அங்கிருந்து மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கடற்கரைக்குக் கப்பல் ஏறினார்கள். காற்று திசை மாறி, ஒன்பதாவது நாள் கப்பல் இலங்கையில் போய் நின்றது. கடலிலிருந்தே ஒரு மலைச் சிகரம் வானத்தில் புகைத் தூண் போலத் தெரிந்தது. அதுதான் பாவாத மலை. ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச் சுவடு என்று மக்கள் சொல்லும் அடையாளம் உள்ள மலை. உயரம் 2,243 மீட்டர். இந்துக்கள் சிவனொளிபாத மலை என்பார்கள். பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்பார்கள்.

புத்தளம் அப்போது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அவர் முஸ்லிம் அல்ல. இப்னு பதூதா அவர்களை மரியாதையோடு உபசரித்தார். முத்துக்கள் கொடுத்தார். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதம் அவர்களின் பாதத்தை ஸியாரத் செய்வதைத் தவிர வேறு ஆசை இல்லை என்றார்கள் இவர்கள். உடனே அந்த அரசர் ஒரு பல்லக்கு கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போகும் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தம் ஆட்கள் பத்துப் பேரையும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினார்.

அந்தக் குழுவைக் கொஞ்சம் மனதில் பாருங்கள். ஒரே மலை, ஒரே பாதை. ஆனால் ஒவ்வொருவரின் நம்பிக்கையும் வேறு. இவர் ஒரு காழி, மார்க்கச் சட்டத்தில் கண்டிப்பானவர். தம் அகீதாவில் ஒரு அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. உடன் வந்தவர்களும் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மூங்கில் தெப்பத்தில் ஆற்றைக் கடந்தார்கள். காட்டில் மரங்களிலிருந்தும் புல்லிலிருந்தும் அட்டைகள் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்காக எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து, அதன் மீது பிழிவார்கள். இந்தச் சிரமங்களை எல்லாரும் சேர்ந்தே பட்டார்கள். வேறு நம்பிக்கை கொண்டவர்களோடு கண்ணியமாகப் பயணம் செய்ய நம் ஈமான் தடையாக இருந்ததில்லை என்பதற்கு இது சாட்சி.

மலைக்கு இரண்டு பாதைகள். கடினமான பாதைக்கு பாபா பாதை என்று பெயர், அதாவது ஆதம் அவர்களின் பாதை. எளிதான பாதைக்கு மாமா பாதை, அதாவது ஹவ்வா அம்மையாரின் பாதை. எளிய வழியில் ஏறியவரை ஸியாரத் செய்தவராகவே அங்கே கணக்கில் எடுப்பதில்லை. செங்குத்தான பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, பிடித்து ஏறச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அங்கே நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவாராம்.

மேலே கிழ்ர் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரால் ஒரு குகை. யாத்திரிகர்கள் சாமான்களை அங்கே வைத்துவிட்டு மேலே ஏறுவார்கள். அந்தக் குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைப் போய்ப் பார்ப்பது வழக்கம். இவர்களும் அப்படியே செய்தார்கள். உச்சியில் நின்றபோது மேகங்கள் காலுக்குக் கீழே இருந்து அடிவாரத்தை மறைத்தன என்று எழுதுகிறார்கள்.

இங்கே மார்க்க ரீதியாக ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் பூமியில் இறங்கிய இடம் எது என்று குர்ஆன் பெயர் சொல்லவில்லை. இந்தியா, ஸரன்தீப் என்றெல்லாம் சில அறிவிப்புகள் உண்டு. அவற்றை வைத்து ஒரு கல்லை வணக்கத்துக்குரியதாக ஆக்க நமக்கு அனுமதி இல்லை. நன்மையை நாடி வாகனம் கட்டிச் செல்வதற்குத் தனிச் சிறப்புள்ளவை மூன்று மஸ்ஜிதுகளே என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பாவாத மலைக்குப் போகிறவர் அந்தக் கல்லிடம் எதையும் கேட்கப் போவதில்லை. நம் எல்லாருக்கும் ஒரு தந்தை இருந்தார், அவர் தவறியதும் அழுது தவ்பா செய்தார், அல்லாஹ் அதை ஏற்றுக்கொண்டான் என்பதை நினைக்கப் போகலாம். அந்தத் தந்தைக்குப் பக்கத்தில் நடந்த யோகியும் பிள்ளை, பல்லக்கு தூக்கியவரும் பிள்ளை.

யானைக் குட்டியும் முப்பது பேரும்

அந்த வழியை முஸ்லிம்களுக்குத் திறந்துவிட்டவர் யார் என்பதையும் இப்னு பதூதா அவர்கள் கேட்டறிந்து எழுதியிருக்கிறார்கள். ஷீராஸ் நகரத்துப் பெரியார், ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் ரஹிமஹுல்லாஹ் அவர்கள். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள். அவர்கள் ஏறக்குறைய முப்பது ஃபகீர்களோடு இந்த மலைக்குப் புறப்பட்டார்களாம். காட்டில் வழி தப்பியது. பசி தாங்கவில்லை. அங்கே திரிந்த ஒரு யானைக் குட்டியைப் பிடித்துச் சாப்பிட அனுமதி கேட்டார்கள் சீடர்கள். ஷைகு தடுத்தார்கள். சீடர்கள் கேட்கவில்லை, அறுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். ஷைகு மட்டும் தொடவில்லை.

இரவில் யானைகள் கூட்டமாக வந்தன. உறங்கியவர்களை ஒவ்வொருவராக மோந்து பார்த்து, குட்டியைத் தின்றவர்களைக் கொன்றன. ஷைகை மோந்து பார்த்துவிட்டு, ஒரு யானை அவர்களைத் துதிக்கையால் தூக்கித் தன் முதுகில் வைத்து, மக்கள் வாழும் ஊரில் கொண்டுவந்து இறக்கியது. இதைப் பார்த்த ஊர் மக்கள் வியந்தார்கள். அதுவரை முஸ்லிம்களை அந்த மலைக்குப் போக விடாமல் தொல்லை கொடுத்தவர்கள், அதன் பிறகு அவர்களை வீட்டில் தங்கவைத்து, உடன் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு மாறினார்கள். இது இப்னு பதூதா அவர்கள் கேட்டு எழுதிய செய்தி. செவிவழி வந்த சம்பவம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதில் ஒரு கருத்து உண்டு. வெளியூரில், வேற்று மக்கள் நடுவே, முப்பது பேர் ஒரு மாதிரி நடந்தார்கள், ஒருவர் ஒரு மாதிரி நடந்தார். கதவைத் திறந்தது அந்த ஒருவரின் பேணுதல். இன்று நம் குழு ஒரு ஊரில் குப்பை போட்டுவிட்டு வந்தால், ஹோட்டல் ஊழியரிடம் கத்திவிட்டு வந்தால், அடுத்து வரும் முஸ்லிமுக்கு அந்தக் கதவு பாதி மூடிவிடுகிறது.

மூழ்கும் கப்பலில்

மலையிலிருந்து திரும்பி மீண்டும் தமிழகக் கரைக்குக் கப்பல் ஏறினார்கள். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் தரைதட்டி உடையத் தொடங்கியது. மாலுமிகள் ஒரு தெப்பம் கட்டினார்கள். இப்னு பதூதா அவர்கள் இறங்க முற்பட்டபோது, எங்களை விட்டுவிட்டா போகிறீர்கள் என்று தோழர்கள் இருவர் கேட்டார்கள். உடனே அவர்களைத் தெப்பத்தில் ஏற்றிவிட்டு, தாம் உடைந்த கப்பலின் பின்பகுதியில் இரவைக் கழித்தார்கள். காலையில் படகில் வந்து மீட்டவர்கள் அந்தக் கரையில் வாழ்ந்த, முஸ்லிம் அல்லாத நம் ஊர் மக்கள்.

கரை ஏறிப் பார்த்தது என்ன? மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன், போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்றுகொண்டிருந்தார். அந்த சுல்தான் இவர்களுக்குச் சகலை முறை. ஆனாலும் இவர்கள் மறைக்கவில்லை. எந்த அரசரும் செய்யாத இழிசெயல் என்றும், அதனால்தான் அல்லாஹ் அவருக்குச் சீக்கிரம் மரணத்தைக் கொடுத்தான் என்றும் எழுதி வைத்தார்கள். பல்லக்கு கொடுத்த வேற்று மத அரசரை நன்றியோடும், கொலை செய்த சொந்தக்காரரை வெறுப்போடும் எழுதியது ஒரே பேனா. நீதி என்றால் அதுதான்.

திமிஷ்கில் நடந்த கூட்டுப் பிரார்த்தனை

சீனாவரை போய்விட்டு 1348இல் மறுபடியும் திமிஷ்க் வந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே விட்டுப் போன ஒரு மகனைத் தேடினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பிள்ளை மவுத்தாகியிருந்தது. தன்ஜாவிலிருந்து வந்திருந்த ஓர் ஆலிம், வாப்பா வஃபாத்தாகிப் பதினைந்து ஆண்டு ஆகிறது என்றும், உம்மா இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அது கொள்ளை நோய்க் காலம். திமிஷ்கில் ஒரே நாளில் இரண்டாயிரம் பேர்வரை இறந்ததாக எழுதுகிறார்கள். ஊர் மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஊரே வெறுங்காலோடு புறப்பட்டது. முஸ்லிம்கள் குர்ஆனைக் கையில் ஏந்தினார்கள். யூதர்கள் தவ்ராத்தையும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலையும் ஏந்தி வந்தார்கள். அமீர்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் அழுதுகொண்டே நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம், நகருக்குத் தெற்கே உள்ள பாதச் சுவடுகளின் மஸ்ஜித். மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் சுவடு என்று மக்கள் சொன்ன இடம். நண்பகல் நெருங்கும்வரை துஆ செய்துவிட்டுத் திரும்பி வந்து ஜும்ஆ தொழுதார்கள்.

மரணம் பக்கத்தில் நின்றபோது பணக்காரர், ஏழை என்ற வரிசை எதுவும் அந்த ஊருக்கு நினைவில்லை. நமக்கு அந்த நினைவு வர ஒரு கொள்ளை நோய் வந்துதான் ஆக வேண்டுமா?

உம்மாவின் கப்ரு

சகோதரர்களே! இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். திமிஷ்கிலிருந்து மக்கா போய் மீண்டும் ஹஜ் செய்துவிட்டு, தாயகம் நோக்கிப் புறப்பட்டார்கள். 1349இல் மொராக்கோவின் தாஸா என்ற ஊரை அடைந்தபோது செய்தி கிடைத்தது. உம்மா கொள்ளை நோயில் வஃபாத்தாகிவிட்டார்கள்.

24 ஆண்டுகள் காத்திருந்த தாய். மகன் அதே நாட்டின் மண்ணை மிதித்தபோது அவர்கள் கப்ரில் இருந்தார்கள். இப்னு பதூதா அவர்கள் தன்ஜாவுக்குப் போய் அந்தக் கப்ரை ஸியாரத் செய்தார்கள். உலகத்தின் எத்தனையோ ஸியாரத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், இந்த ஸியாரத்தை ஓரிரு வரியில் முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் எழுத முடியவில்லை போலும்.

அவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. கடமையான ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டவர்கள். அவர்களின் மனதை அல்லாஹ்வே அறிவான். பின்பு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்கும் போய் வந்தார்கள். மொராக்கோ சுல்தானின் கட்டளைப்படி, 1355இல், இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளரிடம் தம் பயணத்தை எல்லாம் சொல்லி எழுதவைத்தார்கள். அந்த ரிஹ்லா நூலைத்தான் உலகம் இன்றும் படிக்கிறது. பிறகு சொந்த நாட்டில் காழியாக இருந்து, 1369 வாக்கில் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்குவானாக.

ஆனால் நமக்கு இதில் எச்சரிக்கை இருக்கிறது. போரில் கலந்துகொள்ள அனுமதி கேட்டு வந்த ஒரு தோழரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்யும்படி திருப்பி அனுப்பினார்கள் நம் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். ஜிஹாதுக்கே அப்படியென்றால், மூன்றாவது உம்ராவுக்கும் நான்காவது ஸியாரத் டூருக்கும் என்ன பதில்? இப்னு பதூதா அவர்களுக்குச் செய்தி வரப் பதினைந்து ஆண்டு ஆனது. உங்கள் கையில் போன் இருக்கிறது. குகைக்கு முன் நின்று வீடியோ எடுத்து நூறு பேருக்கு அனுப்புகிறோம். உம்மாவுக்கு மாத்திரை போட்டீர்களா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

போகும் முன் மூன்று காரியம்

ஆகவே அடுத்த முறை குழுவாகப் புறப்படும் முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, வீட்டில் விட்டுச் செல்பவரிடம் மனப்பூர்வமான சம்மதம் வாங்குங்கள். அவரைக் கவனிக்க ஆள் வையுங்கள். கடனையும் அமானிதத்தையும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். இரண்டாவது, குழுவில் யாருக்கும் தெரியாத ஒருவரைத் தேடி நீங்களே போய் ஸலாம் சொல்லுங்கள். துனிஸில் அந்த ஹாஜி சொன்னது போல. மூன்றாவது, பார்க்கும் ஒவ்வொரு பழைய இடத்திலும் ஒரு நிமிடம் போனைப் பையில் வைத்துவிட்டு, இங்கே வாழ்ந்தவர்கள் எங்கே என்று மனதைக் கேளுங்கள்.

உம்மாவோ வாப்பாவோ ஹயாத்தோடு உள்ள வாலிபர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அதற்கு விசா வேண்டாம், டிக்கெட் வேண்டாம். அவர்கள் கப்ரில் இருந்தால், அஸருக்குப் பிறகு மஹல்லா கப்ருஸ்தானுக்குப் போய் ஸலாம் சொல்லி துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களை உனக்காக ஆக்குவாயாக. உடன் வருபவருக்கு எங்களால் எந்தத் தொல்லையும் வராமல் காப்பாயாக. நாங்கள் விட்டுச் செல்பவர்களை உன் பாதுகாப்பில் வைப்பாயாக. எங்கள் பெற்றோரில் ஹயாத்தோடு இருப்பவர்களுக்கு ஆஃபியத்தையும், எங்களுக்கு முன் சென்றுவிட்டவர்களுக்கு மஃபிரத்தையும் தருவாயாக. ஹஜ் செய்யாதவர்களுக்கு அந்தப் பாக்கியத்தைத் தருவாயாக. எங்களின் கடைசிப் பயணத்தைக் கலிமாவோடு முடித்து வைப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.